சாம்பல் ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள்

விறகு அடுப்பு வாங்கப் போகிறவர்கள் விறகைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். எந்த மரம் நின்று எரியும், எத்தனை மாதம் காய வேண்டும், புகைபோக்கி எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எரிந்து முடிந்து மிஞ்சுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கதவு வைத்த இரும்பு அடுப்பில்தான் பல குளிர்காலங்களாக எங்கள் வீட்டைச் சூடேற்றிக்கொள்கிறோம். விறகு அடுக்கவும் பற்ற வைக்கவும் வீட்டில் எல்லோரும் ஆளுக்கு முந்திக்கொள்வார்கள். சாம்பல் அள்ளுவது மட்டும் என் தலையில் விழுந்த வேலை. செய்யச் செய்ய இதில் கவனிக்க எவ்வளவோ இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் சூட்டைப் பற்றி. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்! சாம்பல் மிக நுண்ணிய தூள். துகள்களுக்கு நடுவே காற்று தங்கிக் கிடப்பதால் அது வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே புதைந்த கங்குக்குப் புதுக் காற்றும் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் அது அணையவும் அணையாது, பற்றி எரியவும் எரியாது. மெல்ல மெல்லத் தன்னைத் தின்றுகொண்டு கிடக்கும். சாம்பலுக்குள் கங்கு 4 நாள் வரைகூட உயிரோடு இருக்கும் என்று தீயணைப்புத் துறையினர் எச்சரிப்பது இதனால்தான்.

இதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வாளிச் சாம்பல் இரண்டு இரவுகள் வெளியே பனியில் நின்றிருந்தது. வாளியின் பக்கவாட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மேல் சாம்பலும் அப்படியே. கிளறும் கம்பியை அடிவரை விட்டுப் புரட்டினேன். கட்டைவிரல் அளவு கரித்துண்டு ஒன்று மேலே வந்தது. பார்வைக்கு வெறும் கறுப்புக் கரிதான். மெதுவாக ஊதினேன். ஒரு ஓரத்தில் சிவப்பு தோன்றி, துண்டு முழுவதும் பரவியது. காய்ந்த சருகு ஒன்றை அதன்மேல் வைத்தேன். சருகின் நடுவில் பழுப்பு வட்டம் விழுந்து விரிந்து, புகைந்து, பற்றிக்கொண்டது. தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்வதில் பயனே இல்லை என்பது அன்று உறைத்தது. சாம்பலைப் பொறுத்தவரை நாள் கணக்குதான் பேச வேண்டும், கை பேசக் கூடாது.

வீடுகள் தீப்பிடிப்பதற்கு ஒரு வழக்கமான காரணம் இதுதான். ஆறிவிட்டது என்று நினைத்து அட்டைப்பெட்டியிலோ காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலோ கொட்டுவார்கள். அதை வாசல் மரத்தளத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். நடுராத்திரியில் காற்று வீசும். மேலே இருக்கும் சாம்பல் விலகும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வாளி உலோகமாகத்தான் இருக்க வேண்டும். இறுக்கமான மூடியும் வேண்டும், அதுவும் உலோகத்தில்தான். மூடி இருந்தால் கங்குக்குக் காற்று குறையும், காற்றில் பொறி பறக்காது, மழையும் உள்ளே போகாது. வாளியின் அடிப்பாகம் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும்படி விளிம்போ காலோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் அடிச்சூடு நேராகத் தரைக்கு இறங்கும். எங்கள் வாளிக்குக் கால் கிடையாது. அதனால் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்துகிறேன். வைக்கும் இடம் சுவர், வேலி, விறகுக் குவியல், காய்ந்த புல் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கூரைக்கு அடியில் வேண்டாம், மரத்தளத்தின் மேல் வேண்டவே வேண்டாம்.

மூடி போட்டிருக்கிறதே, வாளியை வீட்டுக்குள் ஓரமாக வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். காற்று போதாமல் புகையும் கங்கு கார்பன் மோனாக்சைடை வெளியே விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பில் இருக்கும்வரை அது புகைபோக்கி வழியாகப் போய்விடும். வாளிக்கு ஏது புகைபோக்கி? எனவே சாம்பலை அள்ளிய கையோடு வாளி வெளியே போய்விட வேண்டும். கதவு திறந்தால் குளிர் அடிக்கிறது, அப்புறம் கொண்டுபோகலாம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

எத்தனை நாள் ஆயிற்று என்று நினைவு வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்படாது. அதனால் இரண்டு வாளி வைத்திருக்கிறேன். ஒன்று நிரம்பும்போது மற்றது ஓய்வில் இருக்கும். இப்போதைய வாளி நிரம்பினால்தான் பழைய வாளியைக் கொட்டுவேன். அதற்குள் ஒரு வாரமாவது தாராளமாக ஓடியிருக்கும். கடைசியாகச் சாம்பல் போட்ட தேதியைச் சாக்கட்டியால் மூடிமேல் எழுதிவிடுகிறேன். அது எனக்காக அல்ல, நான் இல்லாதபோது உதவி செய்வதாக நினைத்து வாளியைத் தூக்குகிறவர்களுக்காக.

சரி, எப்போது அள்ளுவது, எவ்வளவு அள்ளுவது? தினமும் துடைத்துப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்று தோன்றும். விறகு அடுப்புக்கு அது தேவையில்லை, நல்லதும் இல்லை. அடித்தளத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் சாம்பல் எப்போதும் இருக்கட்டும். அந்தப் படுக்கை கங்கின் சூட்டைப் பிடித்து வைக்கும். மறுநாள் காலையில் நெருப்பு சீக்கிரம் பிடிக்கும். அடியில் இருக்கும் தீச்செங்கல்லுக்கும் அது ஒரு பாதுகாப்பு. நிலக்கரிக்குக் கீழிருந்து காற்று வர வேண்டும், விறகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் அடுப்பில் சாம்பல் கதவின் அடிவிளிம்பை எட்டும்போது அள்ளுகிறேன். கடும் குளிரில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வரும், மற்ற நேரங்களில் வாரத்துக்கு ஒரு முறை போதும்.

கம்பித் தட்டும் அதற்குக் கீழே இழுக்கும் சாம்பல் தட்டும் உள்ள அடுப்பு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கீழ்த்தட்டில் சாம்பல் குவிந்து கம்பியைத் தொடும் அளவுக்கு விடக்கூடாது. கம்பியைக் குளிர்வித்துக்கொண்டிருப்பது அடியில் போகும் காற்றுதான். அது அடைபட்டால் கம்பி பழுத்து வளைந்துவிடும். அடுப்போடு வந்த கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கமாவது இருக்கும், படித்துவிடுங்கள்.

அள்ளும்போது சாம்பலைக் கொஞ்சம் கவனித்தால் விறகின் ஜாதகமே தெரியும். நன்றாகக் காய்ந்த விறகு முழுசாக எரிந்திருந்தால் சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு போல இருக்கும். அளவும் மிகக் குறைவாகத்தான் வரும். பட்டை நீக்கிய மரம் என்றால் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பட்டையில் மட்டும் சாம்பல் அதிகம். வாளி சீக்கிரம் நிரம்புகிறது, சாம்பல் கறுத்துக் கரித்துண்டுகளோடு வருகிறது என்றால் விறகு ஈரமாக இருக்கலாம், அல்லது காற்றுத் திறப்பை ரொம்பவும் மூடி வைக்கிறீர்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் எங்கள் வாளியில் கரி அதிகமாக வந்தது. பார்த்தால் புதிதாக வந்த விறகுக்கட்டைகளின் உள்பக்கம் இன்னும் ஈரமாகவே இருந்தது. கரித்துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கம்பி வலைச் சல்லடையில் சலித்து அடுத்த நெருப்பில் போட்டுவிடலாம், நன்றாக எரியும்.

அள்ளுவதற்கு நல்ல நேரம் காலை, அன்றைய நெருப்பை மூட்டுவதற்கு முன். இரவெல்லாம் ஆறியிருக்கும், புகைபோக்கியில் மட்டும் லேசான இழுப்பு மிச்சம் இருக்கும். அந்த இழுப்புதான் நமக்குத் துணை. காற்றுத் திறப்பையும் புகைபோக்கியின் அடைப்புத் தகட்டையும் முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் விடுவேன். பிறகு கதவை மெதுவாகத் திறப்பேன். வெடுக்கென்று இழுத்தால் கதவோடு சேர்ந்து தூசியும் அறைக்குள் வரும். அந்த நேரத்தில் சமையலறையிலோ குளியலறையிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடக்கூடாது. அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும். அந்த இடத்தை நிரப்பக் காற்று புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கும், சாம்பலையும் தள்ளிக்கொண்டு வரும். துடைத்து முடித்த மேசைமேல் மறுபடி வெள்ளைத் தூசி படிந்தால் முதலில் அந்த ஃபேனைச் சந்தேகப்படுங்கள்.

அள்ளுவதில் நிதானம்தான் எல்லாம். தட்டையான இரும்புக் கரண்டியைச் சாம்பலுக்கு அடியில் மெல்ல நுழைத்து, தூக்கி, வாளியின் அடிவரை இறக்கி, அங்கே சாய்த்து வழுக்கிவிட வேண்டும். மேலிருந்து கொட்டினால் பாதி காற்றில் மிதக்கும். வாளியை அடுப்பு வாய்க்கு ஒட்டியே வைத்துக்கொள்வேன். துடைப்பத்தால் பெருக்கினால் தூசிப் படலம் கிளம்பும். ஓரத்தில் ஒட்டியதைச் சிறு தூரிகையால் கரண்டிப் பக்கம் தள்ளினால் போதும். கையுறையும் மூக்கை மூடும் மாஸ்க்கும் போட்டுக்கொள்கிறேன். சாம்பல் தூசி காரமானது. கண்ணில் பட்டால் எரியும், தொண்டையில் இறங்கினால் நாள் முழுக்க இருமல்தான்.

நெருப்பு அணையாமல் நாள் கணக்கில் ஓடும் கடுங்குளிரில் அடுப்பு ஆறுவதற்குக் காத்திருக்க முடியாது. அப்போது கங்குகளை எல்லாம் கம்பியால் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்துச் சாம்பலை மட்டும் அள்ளுவேன். அடுத்த முறை பக்கம் மாறும். எவ்வளவு பார்த்து எடுத்தாலும் இரண்டு மூன்று கங்கு கரண்டியில் வந்துவிடும். அந்த வாளியை மற்றதைவிடக் கூடுதல் நாள் ஓய்வில் விடுகிறேன்.

முடித்த பிறகு கதவு விளிம்பைத் துடைக்காமல் விடாதீர்கள். கதவு ஓரத்தில் சுற்றி ஒரு கண்ணாடி இழைக் கயிறு இருக்கும், காற்று புகாமல் அடைப்பது அதுதான். அது உட்காரும் இடத்தில் கொஞ்சம் சாம்பல் தங்கினாலும் கதவு சரியாகப் பதியாது. அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழையும், நெருப்பு நம் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் மூர்க்கமாக எரியும். அவ்வப்போது அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். இறுக்கிப் பிடித்தால் சரி. சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது.

வேக்குவம் கிளீனரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை அதுதான். வீட்டுத் தரைக்கு வைத்திருக்கும் சாதாரண வேக்குவத்தை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒளிந்திருக்கும் ஒரு கங்கை அது உறிஞ்சினால், உள்ளே தூசிப் பையும் வேகமாக ஓடும் காற்றும் காத்திருக்கின்றன. நெருப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கங்கே இல்லையென்றாலும் சாம்பல் துகள் மிக நுண்ணியது. வடிகட்டியைத் தாண்டி ஒரு பக்கம் அறைக்குள் பறக்கும், மறுபக்கம் மோட்டாருக்குள் போய் அதைத் தேய்க்கும். சாம்பலுக்கென்றே உலோகத் தொட்டியோடு வரும் வேக்குவம் இருக்கிறது. அதுவும் முழுக்க ஆறிய சாம்பலுக்கு மட்டும்தான். எனக்குக் கரண்டியே போதும் என்று தோன்றுகிறது.

தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்ததே என்பது அடுத்த யோசனை. அடுப்புக்குள் ஒருபோதும் ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பும் செங்கல்லும் விரிசல் விடும். ஈரச் சாம்பல் உலோகத்தை அரிக்கவும் செய்யும். வெளியே வாளியில் ஊற்றலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கிளறியபடியே ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் நீராவியும் சூடான சாம்பலும் சேர்ந்து மேலே சீறும். மேலே மட்டும் நனைத்துவிட்டு விட்டாலோ அடியில் கங்கு உலர்வாகவே இருக்கும். அவசரமாக அப்புறப்படுத்த வேண்டிய நாளுக்கு இது சரி. மற்ற நாளில் காத்திருப்பதே மேல்.

நனைந்த சாம்பல் இன்னொரு விதத்திலும் வேறு பொருள். மரச்சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், கூடவே பொட்டாசிய உப்புகளும் இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தப் பொட்டாசிய உப்புகள் கரைந்து, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 10-க்கு மேல் போகும் காரநீராக மாறும். ஈரக் கையால் சாம்பலைத் தொட்டால் தோல் முதலில் வழவழவென்று ஆகும், பிறகு வறண்டு வெடிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஈரச் சாம்பலைப் போட்டு வைத்தால் பாத்திரம் அரிக்கும். இந்தக் காரத்துக்காகவே ஒரு காலத்தில் காடுகளை எரித்துச் சாம்பலைக் காய்ச்சி பொட்டாஷ் எடுத்தார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவைப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1790-இல் வழங்கிய முதல் காப்புரிமையே, சாம்பலிலிருந்து பொட்டாஷ் செய்யும் முறைக்காகச் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குத்தான். நான் அதே குணத்தை அடுப்புக் கதவின் கண்ணாடியில் பயன்படுத்துகிறேன். கண்ணாடி ஆறியிருக்கும்போது, நனைத்துப் பிழிந்த காகிதத்தை நுண்ணிய சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் பழுப்புப் புகைக்கறை விட்டுப் போகும். காகிதத்தில் கரித்துண்டோ மணலோ ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கீறல் விழும்.

மிச்சத்தைத் தோட்டத்தில் போடலாம். ஆனால் எரித்தது வெறும் மரமாக இருந்தால்தான். பெயின்ட் அடித்த பலகை, பசை போட்டு ஒட்டிய பிளைவுட், பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய கட்டை, பிளாஸ்டிக் குப்பை இவற்றை அடுப்பில் போடவே கூடாது. முன்பு மருந்தேற்றிய மரங்களில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருந்தது. மரம் எரிந்து போகும், ஆர்சனிக்கில் பெரும்பகுதி சாம்பலில் அப்படியே தங்கும். நிலக்கரிச் சாம்பலும் தோட்டத்துக்கு ஆகாது. பழைய மரச்சட்டங்களை உடைத்து எரித்திருந்தால் சாம்பலில் ஆணி கிடக்கும். கொட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தைச் சாம்பலுக்குள் விட்டு இழுத்தால் அத்தனையும் ஒட்டிக்கொண்டு வரும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கிறவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

மரச்சாம்பல் உரம் என்பதைவிடச் சுண்ணாம்பு என்று நினைப்பது நல்லது. பொட்டாசியம் உண்டு, பாஸ்பரஸ் சிறிது உண்டு. தழைச்சத்து புகையோடு போய்விட்டது. அமில மண்ணில் இது நன்றாக வேலை செய்யும். மண்ணின் பி.எச். ஏற்கெனவே 7-ஐத் தாண்டியிருந்தால் போடாதீர்கள், சில சத்துகளைச் செடியால் எடுக்க முடியாமல் போகும். அளவு என்று கேட்டால் சதுர மீட்டருக்கு 70 முதல் 100 கிராம், அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை. அதாவது அள்ளிக் கொட்டுவது அல்ல, தூவுவது. குவியலாகப் போட்ட இடத்தில் மண் கெட்டியாகிப் புல்கூட முளைக்காமல் நின்றதை ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அமில மண்ணை விரும்பும் அசேலியா, புளூபெர்ரி போன்ற செடிகளுக்கு வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் வேண்டாம், காரம் ஏறினால் கிழங்கில் சொறிநோய் வரும். அமோனியம் சல்பேட், யூரியா போன்ற உரங்களோடு கலந்து போடவும் கூடாது. தழைச்சத்து அமோனியா வாயுவாகக் கிளம்பிப் போய்விடும், மூக்கைத் துளைக்கும் அந்த வாடையே சொல்லிவிடும். மட்குக் குழியில் போடுவதாக இருந்தால் இலைதழைகளுக்கு நடுவே மெல்லிய படலமாக எப்போதாவது ஒரு முறை தூவினால் போதும்.

மழையில் நனைந்த சாம்பலில் பொட்டாசியம் கரைந்து ஓடிவிடும். தோட்டத்துக்கென்று சேமிப்பவர்கள் மூடி போட்டு உலர வைத்திருக்க வேண்டும். தூவுவதற்குக் காற்றில்லாத நாளாகப் பாருங்கள், தூவிய கையோடு மண்ணில் கிளறிவிடுங்கள்.

தோட்டம் இல்லையென்றால் குப்பைதான் வழி. முழுக்க ஆறிய பிறகு, பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் போட்டால் குப்பை வண்டியில் கொட்டும்போது அது மொத்தமும் வேலை செய்கிறவர்கள் முகத்தில்தான் பறக்கும். எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சாக்கடையில் கரைத்து ஊற்றாதீர்கள், அடியில் இறுகிக் குழாயை அடைக்கும். குளம், ஓடைக்கரைப் பக்கமும் கொட்டக் கூடாது. அந்தக் காரம் மீன்களுக்கு ஆகாது.

குளிர்காலம் முடிந்து அடுப்புக்கு விடுமுறை வரும்போது மட்டும் அந்தச் சாம்பல் படுக்கையையும் விடாமல் அள்ள வேண்டும். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை நாட்களில் அது ஊறிக் காரக்குழம்பாகி இரும்பை மாதக்கணக்கில் அரிக்கும். அடுத்த பருவத்தில் கதவைத் திறந்தால் துருதான் வரவேற்கும். அடித்தளம், செங்கல் இடுக்கு, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்கிறேன். விரிசல் விட்ட செங்கல் கண்ணில் படுவதும் அப்போதுதான். சாம்பல் மூடியிருந்தவரை அது தெரிந்திருக்காது.

அடுப்பின் உள்கூரையில், புகையை வளைத்துவிட ஒரு தகடு இருக்கும். அதன் மேல் முதுகில் ஒரு பருவத்துச் சாம்பல் தூசி படிந்து கிடக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தத் தகட்டைத் தூக்கிச் சாய்க்கும்போது அத்தனையும் சரிந்து விழும். தலை அடுப்புக்குள் இருக்கும் நேரம் அது. தகட்டில் கை வைப்பதற்கு முன் மாஸ்க்கோடு கண்களை முழுதாக மூடும் கண்ணாடியையும் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ஒரு பழைய துணியும் விரித்துவிடுங்கள், அள்ளுகிற வேலை பாதியாகக் குறையும்.